கேள்வி எழவில்லை

1. இரண்டு வரி

பதில் வந்த காகிதத்தை முதலில் பார்த்தவன் நான்தான். சட்டசபையில் மேஜைமேல் வைத்த பதில்களெல்லாம் ஒரு கட்டாக மத்தியானம் எங்கள் ஆபீசுக்கு வந்தன. எங்கள் எம்.எல்.ஏ.வின் கேள்வி எண்ணைத் தேடிப் பிடித்தேன். இரண்டே வரி.

(அ) ஆம்.
(ஆ) கேள்வி எழவில்லை.

கேட்டிருந்தது இதுதான். (அ) தெற்குக் கொல்கத்தாவில் இருக்கும் ஓர் அரசு ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் பிரிவு இந்தத் தொற்றுக் காலத்தில் இயங்கி வருகிறதா? (ஆ) இல்லையெனில் காரணம் என்ன?

ஆம், இயங்குகிறது. இயங்குவதால், காரணம் கேட்க இடமே இல்லை. வங்காளியில் இதை "ப்ரஷ்னோ ஓட்டே நா" என்று எழுதுவார்கள். கேள்வி எழும்பவில்லையாம்.

அன்றைக்குக் காலையில்தான் அதே பிரிவின் கேட்டிலிருந்து தபன்-தாவைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

தபன்-தா நம் கீழ்வீட்டுக்காரர். தா என்றால் தாதா, வங்காளியில் அண்ணன். பாலிகஞ்ச் ஸ்டேஷன் லைனில் ஆட்டோ ஓட்டினவர். அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யவில்லை. வாரம் இரண்டு தடவை மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்தால்தான் உயிரோடு இருக்க முடியும். அது நடக்குமா நடக்காதா என்பதுதான் அந்தக் கேள்வி. அதற்குத்தான் இந்த இரண்டு வரி.

மாயா, உன் ஸ்கூல் புத்தகத்தில் போன வாரம் சத்தம் போட்டுப் படித்தாய். உறுப்பினர்கள் கேள்வி கேட்பார்கள், அமைச்சர்கள் பதில் சொல்வார்கள், அரசு மக்களுக்குப் பொறுப்பாக இருக்கும் என்று. புத்தகம் பொய் சொல்லவில்லை. நடுவில் நடப்பதை விட்டுவிட்டது. அதை உனக்கும் உன் தம்பிக்கும் நான் எழுதுகிறேன். நான் பன்னிரண்டாவது வரைக்கும் படித்தவன், டைப்பிங் ஹையர் பாஸ். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோபம் இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டாம், அது தெரிந்தேதான் எழுதுகிறேன்.

2. நான் வெட்டிய வரிகள்

லேக் மார்க்கெட் பக்கத்தில் எங்கள் எம்.எல்.ஏ. ஆபீஸ். நான் அங்கே டைப்பிஸ்ட், கடிதக்காரன், எல்லாம். அவர் ரிட்டயர் ஆன கணக்கு வாத்தியார், அதனால் ஏரியாவே அவரை "மாஸ்டர்மஷாய்" என்றுதான் கூப்பிடும். எந்தக் கட்சி என்று எழுதமாட்டேன். பதில் சொல்கிற நாற்காலியில் வேறு கட்சி உட்கார்ந்திருந்தாலும் அதே இரண்டு வரிதான் வந்திருக்கும்.

தபன்-தாவின் மனைவியை நாம் எல்லாரும் பௌதி என்போம். வங்காளியில் அண்ணி. ஒரு நாள் பௌதி மாஸ்க்கோடு ஆபீசுக்கு வந்து நின்றாள்.

"மாஸ்டர்மஷாய், கேட்டுல கோவிட் ரிப்போர்ட் கேக்கறாங்க. மூணு நாளைக்குள்ள எடுத்த ரிப்போர்ட்டா இருக்கணுமாம்."

"சரி, எடுத்துட்டுப் போக வேண்டியதுதானே?"

"எடுத்தோம். திங்கக்கிழமை மூக்குல குச்சி விட்டாங்க. ரிப்போர்ட் வெள்ளிக்கிழமை வருது. வெள்ளிக்கிழமை போனா, இது பழசுங்கறாங்க."

மாஸ்டர்மஷாய் விரல் விட்டு எண்ணினார். மறுபடி எண்ணினார். என் பக்கம் திரும்பினார். "ஷுந்தர் பாபு, நான் முப்பது வருஷம் கணக்கு சொல்லிக்குடுத்தேன். இந்தக் கணக்கு எனக்குப் போட வரலை."

எப்போதாவது ரிப்போர்ட் சீக்கிரம் வந்தால் தபன்-தா உள்ளே போவார். அப்படித்தான் நாள் ஓடியது. பிரைவேட்டிலும் அதே ரிப்போர்ட்தான் கேட்டார்கள்.

மாஸ்டர்மஷாய் கேள்வி சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஏழு வரி. பிரிவு இயங்குகிறதா, போன மாதம் எத்தனை பேரை உள்ளே விட்டார்கள், எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினார்கள், ரிப்போர்ட் வர எத்தனை நாள் ஆகிறது, அது எத்தனை நாள் செல்லும், எல்லாம் அதில் இருந்தது.

இங்கேதான் நான் ஒரு காரியம் செய்தேன். சபையின் கேள்விப் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. கேள்வி நீளமாக இருந்தால், வாதம் மாதிரி இருந்தால், திருப்பி அனுப்பிவிடும். அதற்கு முந்தி எங்கள் கேள்விகள் இரண்டு அப்படித் திரும்பி வந்தன. அதனால் எனக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது. எதைக் கொடுத்தாலும் "உண்டா? இல்லையெனில் காரணம் என்ன?" என்று இரண்டு வரியாக ஆக்கிவிடுவேன். மாஸ்டர்மஷாய்கூட முன்பு கிண்டல் செய்திருக்கிறார். "நீங்க டைப்பிஸ்டா, தையல்காரரா? எப்பப் பாத்தாலும் வெட்டிக்கிட்டே இருக்கீங்க!"

அன்றும் வெட்டினேன். அவர் ஒரு கூட்டத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். கேள்வி திரும்பி வரவில்லை. நல்ல வேலை செய்துவிட்டேன் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், பெருமையாகவே இருந்தது.

அது நட்சத்திரக் கேள்வி. அப்படிப்பட்ட கேள்விக்கு அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்லவேண்டும், உறுப்பினர் அங்கேயே மேலே துணைக்கேள்வி கேட்கலாம். ஆனால் எங்கள் எண் வருவதற்குள் கேள்வி நேரம் முடிந்துவிட்டது. பதில் மேஜைமேல் போய்விட்டது. துணைக்கேள்விக்கு வழி இல்லை. நான் விட்டு வைத்த இரண்டு வரிக்கு அவர்கள் இரண்டு வரி கொடுத்தார்கள்.

3. பௌதி

அதற்குப் பத்து நாளைக்குள் தபன்-தா போய்விட்டார். மூச்சு முட்டி, நுரையீரலில் தண்ணீர் ஏறி. அந்த வாரமும் ரிப்போர்ட் வந்தது. ஒரு நாள் பழசாக வந்தது.

காரியமெல்லாம் முடிந்ததும் பௌதி ஆபீசுக்கு வந்தாள். "நாம கேட்டதுக்கு கவர்மெண்ட் என்ன சொல்லிச்சு? படிச்சுக் காட்டு."

படித்தேன். "ப்ரஷ்னோ ஓட்டே நா."

அவள் அந்தக் காகிதத்தைக் கையில் வாங்கினாள். "எழவில்லையா? எங்க வீட்டு மனுஷன்தான் எழல. கேள்விக்கு என்ன வந்துது?"

மாஸ்டர்மஷாய் தன் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அவள் போன பிறகு பழைய டிராஃப்டை எடுத்துவரச் சொன்னார். ஏழு வரியையும் இரண்டு வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். என்னைத் திட்டுவார் என்று நின்றேன்.

"நீங்க வெட்டுனீங்க. நான் படிக்காம கையெழுத்துப் போட்டேன். இதுல பாதி உங்களுது, பாதி என்னுது. இப்ப உக்காந்து டைப் பண்ணுங்க. ஒரு வார்த்தை குறைஞ்சா உங்க கைய நானே வெட்டுவேன்."

4. சபையில்

இந்தத் தடவை ஏழு வரியையும் கேள்விப் பிரிவு திருப்பி அனுப்பவில்லை. எங்கள் எண் மூன்றாவதாக வந்தது. தொற்றுக்காகப் பார்வையாளர் பாஸ் எல்லாம் நிறுத்தியிருந்தார்கள். நான் வெளியே லாபியில், ஸ்பீக்கர் பெட்டிக்குக் கீழே நின்று கேட்டேன்.

எத்தனை பேர் உள்ளே போனார்கள் என்ற கேள்விக்கு அமைச்சர் சொன்னார்: "தகவல் சேகரிக்கப்பட்டு வருகிறது."

இதுவும் ஒரு பதில். இதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

மாஸ்டர்மஷாய் துணைக்கேள்விக்கு எழுந்தார். "மாண்புமிகு அமைச்சர் அவர்களே, டயாலிசிஸுக்கு வர்றவர் காட்ட வேண்டிய ரிப்போர்ட் எத்தனை நாளைக்குச் செல்லும்?"

"மூன்று நாள்."

"எந்த நாள்ல இருந்து?"

"சாம்பிள் எடுத்த நாளிலிருந்து. விதிமுறை தெளிவாக இருக்கிறது."

"ரொம்பத் தெளிவா இருக்கு. என் கையில சில சீட்டு இருக்கு. எல்லாத்துலயும் ரிப்போர்ட் வர நாலு நாள், அஞ்சு நாள். அப்ப ஒரு நோயாளி எந்தக் கிழமை வந்தா உள்ள போலாம்? கிழமைய மட்டும் சொல்லுங்க. எழுதிக்கறேன்."

சபையில் சிரிப்பு கேட்டது. சிரித்தவர்கள் ஒரு பக்கத்துக்காரர்கள் மட்டும் இல்லை என்று மாஸ்டர்மஷாய் பிறகு சொன்னார்.

அமைச்சர் கொஞ்சம் காட்டமாகச் சொன்னார். "மாண்புமிகு உறுப்பினர் உணர்ச்சிவசப்படுகிறார். பிரிவு இயங்குகிறது என்று முன்பே எழுத்துமூலம் பதில் தந்திருக்கிறோம். மெஷின் ஓடுகிறது, டாக்டர் இருக்கிறார், நர்ஸ் இருக்கிறார்."

"எல்லாரும் இருக்காங்க. நோயாளி கேட்டுக்கு வெளிய இருக்கார். ஒருத்தர் இப்ப வெளியவும் இல்ல."

யாரும் சிரிக்கவில்லை. மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தவர்களும் நிறுத்திவிட்டார்கள். அமைச்சர் ஏதோ காகிதம் புரட்டும் சத்தம் பெட்டியில் கேட்டது. பிறகு, "பரிசீலிக்கிறோம்" என்றார். சபாநாயகர், "அடுத்த கேள்வி" என்றார்.

அவ்வளவுதான். அடுத்த கேள்வி ஒரு மேம்பாலத்தைப் பற்றி.

அடுத்த வாரம் உத்தரவு மாறியது. கேட்டிலேயே உடனடி டெஸ்ட், அரை மணியில் முடிவு, உள்ளே போகலாம். ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு நர்ஸ். இதற்குத்தான் இத்தனை நாள். ஒரு பேப்பரில் அமைச்சரின் துரித நடவடிக்கை என்று போட்டிருந்தார்கள். துரிதம்! அந்தப் பேப்பரை நான் கசக்கிப் போட்டதற்கு உங்கள் அம்மா என்னைத் திட்டினாள், அதில் அவளுக்கு வேண்டிய ரேஷன் அறிவிப்பு இருந்ததாம்.

5. கேட்

என் மனசு ஆறவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய டிராஃப்டை எடுத்துக்கொண்டு கீழ்வீட்டுக்குப் போனேன்.

"பௌதி, மாஸ்டர்மஷாய் சொன்னது ஏழு வரி. முதல் தடவை நான் ரெண்டு வரிதான் அனுப்பினேன். நான்தான் வெட்டினேன்."

அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"அந்த அஞ்சு வரி இருந்திருந்தா அவர் இருந்திருப்பாரா?"

"தெரியாது பௌதி."

"தெரியாதுன்னே இருக்கட்டும். அவங்க மாதிரி எனக்கு ஆமான்னு எழுதித் தராத."

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நான் எழுந்திருக்கும்போது சொன்னாள்: "வியாழக்கிழமை ரத்னாவுக்கு முறை. இவரோட பக்கத்து மெஷின்ல படுக்கற பொண்ணு. உத்தரவு மாறிடுச்சுன்னு காகிதத்துல படிச்சுட்டு ஆபீஸ்ல உக்காராத. போய்ப் பாரு."

வியாழக்கிழமை போனேன். ரத்னாவுக்கு டெஸ்ட் எடுத்தார்கள். அரை மணி உட்கார்ந்தாள். உள்ளே போனாள். அதற்குப் பிறகும் நான் கேட்டருகிலேயே நின்றேன்.

காவலாளி வந்தார். "தாதா, யாரைப் பாக்கணும்?"

"யாரையும் இல்ல. எல்லாரும் உள்ள போறாங்களான்னு பாக்கறேன்."

"அதெல்லாம் நடந்துக்கிட்டுதான் இருக்கு. நீங்க கிளம்புங்க."

"நடக்குதுன்னு எனக்கு எழுத்துமூலமாவே பதில் வந்திருக்கு. அந்த வரிசைல ஏழு பேர் இருக்காங்க, அவங்க போனதும் கிளம்பறேன்."

அவர் முறைத்தார். நான் நகரவில்லை. ஏழாவது ஆள் ஒரு வயதானவர், மகள் தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். அப்புறம்தான் பஸ் ஏறினேன்.

இதில் நான் கற்றுக்கொண்டதைச் சுருக்காமல் எழுதுகிறேன். ஆமா என்று ஒரு வார்த்தையில் சொல்லி முடித்துவிடக்கூடிய கேள்வியை அதிகாரத்தில் இருப்பவர்களிடம் ஒருநாளும் கேட்காதீர்கள். ஸ்கூலிலும் சரி, நாளைக்கு ஆபீசிலும் சரி. திறந்திருக்கிறதா என்று கேட்காதீர்கள். இன்றைக்கு யார் உள்ளே போனார், யார் வெளியே நின்றார், ஏன் நின்றார் என்று கேளுங்கள். நீளமாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பினால், இன்னும் ஒரு வரி சேர்த்து அனுப்புங்கள்.