பெயர் கேட்கக் கூடாத வாசல்

வாசலில் நிற்கும் வேலையில் மரியாதை எல்லாம் உள்ளே போகிற ஆளுக்குத்தான். நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். என்னை அந்த வாசலுக்குத் தள்ளியவன் செல்வராஜ். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பம்புப் பட்டறையில் நாங்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்து மிஷின். பிட்டை இறுக்கும் சக் சாவியைக் கழற்றாமல் டிரில்லிங் மிஷினைப் போட்டவன் அவன். சாவி பறந்துபோய் முதலாளி அறைக் கண்ணாடியை உடைத்தது. ஃபோர்மேன் கேட்டபோது என்னைக் கை காட்டினான். எனக்கு வேலை போயிற்று. “தப்பு என்னுதுதான்” என்று அவன் வாயால் கேட்க வேண்டும். அன்று முதல் எனக்கு அது ஒன்றுதான் ஆசை.

பிறகு கள்ளிக்குப்பத்தில் ஒரு சர்ச் ஹாலுக்கு வாட்ச்மேன் ஆனேன். சனிக்கிழமைதோறும் அங்கே ஸ்டெல்லா அம்மா மனக்கஷ்டம் உள்ளவர்களை உட்காரவைத்துப் பேசுவார். அதற்கென்றே படித்தவர். கட்டணம் கிடையாது, முடிந்ததை உண்டியலில் போடலாம். கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினாலே ஊர் ஒரு மாதிரி பார்த்த காலம். அதனால் எனக்கு அவர் ஒரே சட்டம்தான் போட்டார். பெயர் கேட்கக் கூடாது. தெரிந்தவரே வந்தாலும் தெரியாத மாதிரி டோக்கன் கொடுக்க வேண்டும்.

ஜாக்கெட் துணி

ஹாலின் பக்கத்து அறையில் தையல் வகுப்பு. ஸ்டெல்லா அம்மாவிடம் வரும் பெண்கள், யாராவது பார்த்தால் தையலுக்கு வந்ததாகச் சொல்லிக்கொள்ள, கையில் ஒரு ஜாக்கெட் துணியோடு வருவார்கள். இதைப் பார்த்து, ஆவடியிலிருந்து வந்த ஓர் ஆளும் மனைவியின் ஜாக்கெட் துணியை மடித்து எடுத்து வந்தார். தூக்கம் வராமல் கண் உள்ளே போயிருந்தது. நான் டோக்கன் எடுப்பதற்குள் தையல் டீச்சர் துணியைப் பார்த்துவிட்டார். “லேட்டா வந்துட்டு இன்னா நிக்கறே” என்று இழுத்துக்கொண்டு போய் உட்காரவைத்தார்.

மூன்று வாரம் ஆவடிக்காரர் அங்கேயே உட்கார்ந்து தைத்தார். நாலாவது வாரம் நானே போய்க் கூப்பிட்டேன். ஊசியிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: “பட்டன் காஜா எடுக்கக் கத்துக்கினு வந்துடறேன் அண்ணாத்தே. இப்பல்லாம் படுத்தா தூக்கம் வருது.”

கீரைக்கார அம்மா

மகன் வீட்டை விட்டுப் போனதிலிருந்து சாப்பிடாமல் கிடந்த கீரைக்கார அம்மாவை அக்கம்பக்கத்தார் கூட்டி வந்தார்கள். உள்ளே ஒரு மணி நேரம் இருந்தார். வெளியே வந்ததும் உண்டியலைக் காட்டினேன். என்னை ‘யோவ்’ என்றார். அதை நான் இன்னும் மறக்கவில்லை.

“யோவ், பேசுனது நானு. தொண்டை காஞ்சது எனக்கு. அந்தம்மா சும்மா கேட்டுக்கினு இருந்தாங்க. நான் எதுக்குய்யா போடணும்?” அடுத்த சனிக்கிழமை இரண்டு கட்டு அரைக்கீரை கொண்டுவந்து உண்டியல் மேல் வைத்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். “இது அந்தம்மாவுக்கு. நீ தொடாதே.”

தெரியாத ஆள்

ஒரு சனிக்கிழமை செல்வராஜ் வந்தான். தலை நரைத்து, பாதி ஆளாக இளைத்திருந்தான். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, “மாமே, நீயா? இங்கயா கீறே?” என்று கையைப் பிடிக்க வந்தான்.

இத்தனை வருடத்தில் எனக்குக் கிடைத்த ஒரே சந்தர்ப்பம் அது. “யார் சார் நீங்க? இங்க யாருக்கும் யாரையும் தெரியாது. அதான் சட்டம்” என்று கடைசி டோக்கனை நீட்டினேன். முன்னால் ஒன்பது பேர். அவன் கையை இழுத்துக்கொண்டான். “சரிங்க சார்.”

இறக்கி வைத்தது

ஆறு வாரம் வந்தான். ஆறு வாரமும் கடைசி டோக்கன். ஒவ்வொரு முறை அவன் வெளியே வரும்போதும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். அந்த ஒரு வார்த்தை வரவில்லை. ஆறாவது வாரம் கண்ணைத் துடைத்தபடி வந்தான். நடையே மாறியிருந்தது. என் எதிரில் நின்று, முன்பின் பார்க்காதவனிடம் பேசுவதுபோல் சொன்னான்:

“பட்டறைல ஒருத்தனுக்குக் கெடுதல் பண்ணிட்டேன் சார். அம்மாகிட்ட எல்லாத்தையும் கொட்டிட்டேன், நெஞ்சு லேசாயிடுச்சு. அந்த ஆளைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிடுன்னாங்க. உங்களை யாருன்னே எனக்குத் தெரியாதே சார், இன்னா பண்றது?”

பேசி முடித்தும் கிளம்பாத நாலு பேர் பெஞ்சில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் சட்டத்தை மீற முடியாமல் டோக்கன்களை எண்ணி அடுக்கினேன். சைக்கிளில் ஏறிச் சீட்டியடித்துக்கொண்டே போனவன், பிறகு அந்தப் பக்கம் வரவே இல்லை.

அந்த வாசலில் எத்தனையோ பேர் பாரத்தை இறக்கி வைத்துவிட்டுப் போனார்கள். எனக்கு வர வேண்டிய ஒரு மன்னிப்பு மட்டும், நான் அவனுக்குக் காட்டிய சட்டத்துக்குப் பயந்து, இன்னும் வெளியிலேயே நிற்கிறது.