செம்பில் வெட்டிய அடையாளம்

அன்னூருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் முதன்முதலாகக் கேபிள் திருடு போனது எங்கள் வாழைத்தோட்டத்தில்தான். காலையில் தண்ணீர் பாய்ச்சப் போய் சுவிட்சைப் போட்டேன். மோட்டார் ஓடவில்லை. மோட்டார் பெட்டியிலிருந்து போர்வெல் வரைக்கும் போகும் ஒயர் மொத்தமும் காணவில்லை. பள்ளத்தோரம் கருகிய பிளாஸ்டிக் கிடந்தது. மேலுறையை எரித்துவிட்டு உள்ளே இருக்கும் செம்புக் கம்பியை மட்டும் சுருட்டிக்கொண்டு போயிருந்தார்கள்.

என் கணவருக்குக் கோயமுத்தூரில் வேலை. தோட்டம் முழுக்க என் பொறுப்பு. புது ஒயர் வாங்கிப் போட்டேன். ஒரு மாதம் தாங்கவில்லை, அதையும் அறுத்துக்கொண்டு போனார்கள். அடுத்து பக்கத்துத் தோட்டம், அதற்கடுத்து மேற்கால இருக்கும் மஞ்சக்காடு. வெயில் காலத்தில் நாலு நாள் தண்ணீர் பாயாவிட்டால் வாழை என்னவாகும் என்று விவசாயிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் ஒயரை விடப் பெரிய ஒன்றும் களவு போய்க்கொண்டிருந்தது. அது எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது. எந்நேரமும் திறந்து கிடந்த கேட்டுகளுக்குப் பூட்டு வந்தது. குறுக்கு வழியாகத் தோட்டத்துக்குள் நடந்து போகிறவர்களை யாரும் முன்போல, "வாங்க, மோர் குடிச்சுட்டுப் போங்க" என்று கூப்பிடவில்லை. எங்கே போகிறீர்கள் என்று கேட்டார்கள். அப்புறம் சந்தேகம் ஒரு முகத்தைத் தேடியது. வடக்கேயிருந்து வேலைக்கு வந்தவர்களின் முகம் சுலபமாக அகப்பட்டது.

கோழிப்பண்ணையில் பீகாரிலிருந்து வந்த ஒருவர் வேலை பார்த்தார். அவர் மனைவி எங்கள் தோட்டத்துக்குக் களை வெட்ட வருவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் மூச்சிரைக்க ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்தாள். பஸ் ஸ்டாப்பில் பெருங்கூட்டம். நடுவில் அவள் புருஷன். சட்டை கிழிந்திருந்தது. அவர் பையிலிருந்த பழைய மின்விசிறி ஒயரை ஒருவர் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். என் கணவரின் பெரியப்பா மகன், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், அந்த மனிதரின் காலரைப் பிடித்திருந்தார்.

நான் நடுவில் போய் நின்றேன்.

"மாமா, கையெடுங்க. இது ஊட்டு பேன் ஒயருங்க. நம்ம மோட்டார் கேபிள் எத்தனை தடிமன்னு உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"நீ போ அம்மணி. இவனுக வந்தப்புறந்தான் இதெல்லாம் நடக்குது."

"ஆரு பாத்தாங்க? பாத்தவிங்க சொல்லட்டுங்க. இல்லீன்னா மொதல்ல என்னைய அடிச்சுப்போட்டு அப்புறம் அவர அடிங்க."

யாரும் பார்த்திருக்கவில்லை. மாமா கையை எடுத்தார். கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது. அன்று சாயங்காலம் அந்தப் பெண், ஊருக்கே திரும்பிப் போய்விடப் போகிறோம் என்றாள். கொஞ்ச நாள் பொறுத்துக்கொள் என்று சொல்லி அனுப்பினேன். என்ன செய்யப் போகிறேன் என்று அப்போது எனக்கே தெரியாது.

பாத்திரம் விளக்கும்போதுதான் யோசனை வந்தது. என் கல்யாணச் சீரில் வந்த செம்புக் குடத்தின் கழுத்தில் என் பேர் வெட்டியிருக்கிறது. விசேஷத்துக்கு இரவல் போனாலும் குடம் வீடு வந்து சேர்வது அதனால்தான். ஒயரின் மேல் என்ன எழுதினாலும் எரிந்துவிடும். உள்ளே இருக்கும் செம்பில் வெட்டினால்?

எலக்ட்ரீஷியனிடம் கேட்டேன். கம்பியில் வெட்ட முடியாது, ஆனால் ஒயரை ஒட்டுப்போடும்போது மாட்டும் விரல் நீளச் செம்புக் குழாயில் வெட்டலாம் என்றார். அன்னூரில் பாத்திரக்கடையில் பேர் வெட்டுகிறவரிடம் அந்தக் குழாய்களைக் கொண்டு போனேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வேலையைச் செய்து கொடுத்தார். எனக்கு ஒரு மீன். பக்கத்துத் தோட்டத்து அக்காவுக்கு வேல். ரோட்டோரம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் பாய் வீட்டு அம்மா பிறை போட்டுக்கொண்டார். ஆண்கள் சிரித்தார்கள். பெண்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தோம். எல்லாருடைய ஒயரிலும் இரண்டு மூன்று இடத்தில் அந்த ஒட்டு ஏறியது.

வாழை குலை தள்ளும் சமயத்தில் மறுபடியும் என் ஒயர் போனது. கூடவே பக்கத்துத் தோட்டத்து அக்காவுடையதும் பாய் வீட்டு அம்மாவுடையதும் போயின. இந்தத் தடவை நான் அழவில்லை. நேராக ஸ்டேஷனுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். புதிதாக வந்திருந்த எஸ்.ஐ. அம்மா முழுசாகக் கேட்டார். சுற்றுவட்டாரப் பழைய இரும்புக் கடைகளை அவர் ஆட்களை வைத்துச் சோதனை போட்டார். நெடுஞ்சாலை ஓரக் கடை ஒன்றில் கருகிய செம்பு மூட்டை கிடைத்தது.

எங்கள் மூன்று பேரையும் வரச்சொல்லி ஸ்டேஷன் மேஜையில் கொட்டியபோது எல்லாம் கன்னங்கரேலென்று ஒரே மாதிரி இருந்தது. கடைக்காரர் சாவகாசமாக உட்கார்ந்திருந்தார்.

"செம்புன்னா எல்லாம் ஒண்ணுதானுங்க. இதுல அவிங்களது எதுன்னு எப்படிங்க சொல்லுவாங்க?" என்றார்.

நான் எதிர் டீக்கடையில் ஒரு எலுமிச்சம்பழம் வாங்கி வந்தேன். ஒட்டுக் குழாய்களைப் பொறுக்கி எடுத்து, பழத்தை அறுத்துத் தேய்த்தேன். கரி கழன்றது. செம்பு சிவந்து மின்னியது. அதில் மீன் தெரிந்தது. அடுத்ததில் வேல். அதற்கடுத்ததில் பிறை. எஸ்.ஐ. அம்மா நாற்காலியை விட்டு எழுந்து வந்து பார்த்தார். கடைக்காரர் தனக்கு விற்றவனைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார்.

அவர் சொன்ன அடையாளத்தை வைத்து, ஒயர் அறுத்தவனையும் அன்றைக்கே கூட்டி வந்துவிட்டார்கள். பீகாரும் இல்லை, ஒடிசாவும் இல்லை. பக்கத்து ஊர்க்காரன். மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் பட்டறையில் வேலை செய்தவன். அவனைத் திட்டுவதற்கென்றே மனசுக்குள் நிறைய சேர்த்து வைத்திருந்தேன்.

"எதுக்கப்பா எங்க வயித்துல அடிச்சே?" என்று மட்டும்தான் வந்தது.

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "போன்ல சீட்டாட்டம் பழகிட்டேனுங்கக்கா. சம்பளம் பூராம் அதுல போச்சுங்க. பட்டறையில கூட்டித் தள்ளுன துண்டுக் கம்பியத்தான் மொதல்ல இந்தக் கடைக்காரருகிட்டக் கொண்டு போனேன். இன்னும் இருந்தா கொண்டான்னு சொன்னாருங்க. எங்கிருந்து எடுத்தேன்னு ஒரு நா கூடக் கேக்கலைங்க."

எனக்குக் கோபம் தணியவில்லை. ஆனால் அது போய்ச் சேர வேண்டிய இடம் இன்னொன்றும் இருக்கிறது என்று தெரிந்தது. இவனை உள்ளே தள்ளிவிட்டுக் கடையைத் திறந்து வைத்தால், அடுத்த மாதம் வேறொருவன் எங்கள் ஒயரோடு அங்கே போய் நிற்பான்.

அதற்குள் கடைக்காரருக்காக வெள்ளைச் சட்டையில் ஒருவர் வந்து சேர்ந்தார். "ஏனுங்க அம்மணி, திருடன்தான் கிடைச்சுட்டானுங்களே. அவரு யாவாரி. தெரியாம வாங்கிப்போட்டாரு, உட்டுருங்க."

"கருக்கி எடுத்த செம்பு எங்கிருந்து வருதுன்னு தெரியாம யாவாரம் பண்றாருங்களா? அவரு பேரும் கேசுல ஏறட்டுங்க. அது வரைக்கும் நாங்க எந்திரிக்க மாட்டோமுங்க."

வேலும் பிறையும் போட்டவர்கள் என் இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். விஷயம் கேள்விப்பட்டு ஊரிலிருந்து மற்ற பெண்களும் டெம்போவில் வந்து இறங்கினார்கள். வந்த பெரிய மனிதர் போனில் பேசினார், வெளியே போனார், மறுபடி வந்தார். நாங்கள் அசையவில்லை. பொழுது சாய்வதற்குள், திருட்டுப் பொருளை வாங்கியதாகக் கடைக்காரர் மேலும் வழக்குப் பதிவானது. நகலைக் கையில் வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது டெம்போக்காரர் ஹாரன் அடித்துக் கொண்டாடினார்.

மறு ஞாயிறு, மாமா தாமாகவே என் வீட்டுக்கு வந்து, கோழிப்பண்ணையில் வேலை பார்ப்பவரை பஸ் ஸ்டாப்புக்கு வரச் சொல்லச் சொன்னார். இங்கேயே வைத்துப் பேசலாமே என்றேன். "எல்லாரு முன்னாடியும் சட்டையப் புடிச்சேன். எல்லாரு முன்னாடியுந்தான் பேசோணும்" என்றார்.

அவர் வந்தார். மனைவி பின்னாலேயே பயந்துகொண்டு வந்தாள். மாமா கை கூப்பினார். "தப்புப் பண்ணிப்போட்டேன் தம்பி. மன்னிச்சுக்கோணும்."

அந்த மனிதர் தெரிந்த தமிழில் மெதுவாகக் கேட்டார். "அக்கா அன்னைக்கு வரலேன்னா, அண்ணா?"

மாமாவின் கண் கலங்கிவிட்டது. "அதத்தான் நானும் நெனைச்சுப் பாத்தேன். தூக்கமே வரலை" என்றார். அந்த மனிதர் மாமாவின் கூப்பிய கைகளைப் பிடித்து இறக்கிவிட்டார்.

அவர்கள் இருவரும் பீகாருக்குத் திரும்பவில்லை. இப்போது இந்தப் பகுதிப் பழைய இரும்புக் கடைகளில், விற்க வருகிறவர்களின் ஆதார் அட்டையைப் பார்க்காமல் செம்பை வாங்குவதில்லை. எங்கள் பக்கம் ஒயர் திருட்டு நின்றுவிட்டது. போன மாதம் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து தென்னந்தோப்புக்காரர்கள் கூப்பிட்டார்கள் என்று நாங்கள் நாலைந்து பெண்கள் பஸ் ஏறிப் போனோம். மைக்கைக் கையில் கொடுத்தார்கள். எனக்கு மேடைப் பேச்சுப் பழக்கமில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னேன். ஒயரில் ஒட்டுப் போடுவதைப் பற்றிச் சொன்னதை விட, பஸ் ஸ்டாப்பில் நடந்ததைப் பற்றித்தான் அதிக நேரம் பேசினேன். முன்வரிசையில் ஒரு பெண் எழுந்து, "நாங்க என்ன அடையாளம் போட்டுக்கறதுங்க?" என்று கேட்டாள்.

"உங்களுக்குப் புடிச்சதுங்க" என்றேன். அவள் மயில் என்றாள். பக்கத்தில் இருந்தவள் அது தனக்கு வேண்டும் என்றாள். மொத்தக் கூட்டமும் சிரித்தது.