வேதவல்லி தேர்ந்தெடுத்த தீவு

வேதவல்லி மேடம் போய்விட்டார் என்பதை நம் வங்கிக் கிளையின் வாட்ஸ்அப் குழுவில் படித்தபோது நான் உறையூரிலிருந்து சத்திரம் பஸ் நிலையம் போகும் பஸ்ஸில் இருந்தேன். தூக்கத்திலேயே அமைதியாகப் போய்விட்டார் என்று அவருடைய போனிலிருந்தே அவர் தங்கை மகள் எழுதியிருந்தாள். சத்திரத்தில் இறங்கி ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏறினேன். காவிரிப் பாலத்தின் மேல் போகும்போது இரு பக்கமும் தண்ணீர் தெரிந்தது. அதுவரை வராத அழுகை அங்கேதான் வந்தது.

நம் வங்கியில் வெளிநாட்டுப் பணம் மாற்றும் கவுன்டரில் அவர் உட்கார்ந்திருந்ததைத்தான் நீங்கள் எல்லோரும் நினைத்துக்கொள்வீர்கள். நான் நினைத்துக்கொள்வது கடலில் மிதந்துகொண்டிருந்த வேதவல்லியை. அந்த மாலத்தீவுப் பயணத்துக்கு அவர் கூட்டிப்போன ஒரே ஆள் நான் என்பதால், அதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதும் நான்தான்.

எல்லாம் அந்தக் கவுன்டரில்தான் ஆரம்பித்தது. மருங்காபுரிக்காரர் ஒருவர் மாலத்தீவில் ஏதோ ஒரு சிறு தீவில் கணக்கு ஆசிரியராக இருந்தார். விடுமுறைக்கு வந்தவர், பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் உள்ள படகுத்துறையைப் போனில் காட்டினார். பலகைகளுக்கு அடியில் கண்ணாடிபோலத் தண்ணீர். அதில் நீலமும் மஞ்சளுமாக மீன்கள். கடலுக்குள் இறங்குவதற்கென்றே ஜனங்கள் அங்கே வருகிறார்கள் என்றார். மேடம் பணத்தை எண்ணுவதை நிறுத்திவிட்டு அந்தப் படத்தை மறுபடியும் போடச் சொன்னார்.

அதன்பிறகு மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்கத் தீவுகள்தான். விமானம் கொண்டுபோய்த் தண்ணீரில் இறக்கும் உல்லாசத் தீவுகளை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. "மனுஷா குடியிருக்கிற தீவா இருக்கணும் செல்வி. ஒரு பள்ளிக்கூடம், ஒரு பெட்டிக்கடை, துணி காயற கொடி, இதெல்லாம் வேணும்" என்றார். கடைசியில் அவரை முடிவெடுக்க வைத்தது வேறொரு சேதி. அப்படிப்பட்ட ஊர்த்தீவுகளில் பெண்கள் கடலில் குளிக்கும்போதும் முழு உடையோடுதான் இறங்குவார்களாம். சிறுமியாகக் காவிரியில் அம்மா மண்டபத்துப் படித்துறையில் நீந்தப் பழகி, பாவாடை தாவணி போட்டதோடு நீச்சல் நிறுத்தப்பட்டவர் அவர்.

கரையிலிருந்தே பவளப்பாறைக்கு நீந்திப் போகக்கூடிய ஒரு தீவைப் பிடித்தார். அங்கே விருந்தினர் விடுதி நடத்தும் அம்மாளைப் போனில் கூப்பிட்டு, மீன் சேராத சாப்பாடு கிடைக்குமா என்று ஆங்கிலத்தில் விசாரித்தார். பூசணி இருக்கிறது, கீரை இருக்கிறது, தேங்காய்க்குக் குறைவே இல்லை, தனிச் சட்டி வைத்துவிடுகிறேன் என்று பதில் வந்தது. தீவு முடிவாயிற்று.

திருச்சியிலிருந்து கொழும்பு, கொழும்பிலிருந்து மாலே. அன்று வெள்ளிக்கிழமை, வெள்ளியன்று ஊர்ப்படகு ஓடாது என்பது போன பிறகுதான் தெரிந்தது. வேகப்படகில் போய்விடலாம் என்றேன். அவர் கேட்கவில்லை. மறுநாள் வெங்காய மூட்டைகளுக்கும் கேஸ் சிலிண்டர்களுக்கும் நடுவே, மெதுவாகப் போகும் அந்த மரப்படகில் உட்கார்ந்தோம். கடல் கருநீலமாக இருந்தது, பிறகு பச்சையானது, ஏதோ ஒரு மணல்திட்டை நெருங்கும்போது பாலாகவே வெளுத்தது. மோட்டார் சத்தத்தில் எல்லோரும் பாதித் தூக்கத்தில் இருந்தார்கள். எங்கே போகிறோம் என்பதே எனக்கு மறந்துவிட்டது. மேடம் மட்டும் தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

தீவில் முக்குளிக்கக் கற்றுத்தரும் இளைஞன் ஹசன். இறங்கும் முன் உடம்பைப் பற்றி எங்களிடம் ஒவ்வொன்றாகக் கேட்டான். மேடத்துக்கு இடது காதுக்குள் அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது. சொல்லாமல் விட்டிருக்கலாம், சொல்லிவிட்டார். ஹசன் தன் காதைத் தொட்டுக் காட்டி, ஆழத்தில் தண்ணீரின் அழுத்தம் அந்தக் காதைக் கெடுத்துவிடும், மேலே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் மிதக்கலாம், கீழே மட்டும் கூட்டிப்போக மாட்டேன் என்று பணிவாகச் சொன்னான். துணைக்கு வந்தவள் நான். நானும் இறங்கவில்லை என்றேன்.

"காதைத்தானே வேண்டாம்னான், கண் இருக்கே" என்றார் மேடம். "உய்யக்கொண்டான் வாய்க்கால்ல நீஞ்சினவ நீ. போயிட்டு வா. நான் மேலேர்ந்து பார்த்துண்டிருக்கேன்."

முதுகில் காற்று உருளையோடு ஹசனின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். என் மூச்சைத் தவிர வேறு சத்தமே இல்லை. பாறைச் சரிவில் ஓர் ஆமை பவளத்தின் இடுக்கில் எதையோ பிய்த்துத் தின்றுகொண்டிருந்தது. நாங்கள் பக்கத்தில் போயும் அது எங்களைக் கண்டுகொள்ளவில்லை. தின்று முடித்து, நிதானமாகத் துடுப்புகளை அசைத்து மேலே எழுந்தது. அண்ணாந்து பார்த்தேன். வெளிச்சத்தின் நடுவில், நீலச் சுடிதார் மெல்ல அலைய, முகம் கவிழ்த்து மிதந்துகொண்டிருந்தார் வேதவல்லி. ஆமை நேராக அவர் பக்கத்தில் போய்த் தலையை நீட்டியது.

சாயங்காலம் முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்து பேசினோம். அது என்ன தின்றது, கண் எப்படி இருந்தது, வால் உண்டா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் பார்த்ததையெல்லாம் வாங்கிக்கொண்ட பிறகு, தன் பங்கைச் சொன்னார். "மேலே வந்து மூச்சு விட்டது செல்வி. நானும் தலையைத் தூக்கினேன். ரொம்ப தூரம் நடந்துட்டு வந்து உட்கார்றவா விடற மாதிரி ஒரு மூச்சு. அது உனக்குக் கேட்டிருக்காதே."

திரும்பி வந்ததும் நீங்கள் எல்லோரும் அவரைச் சூழ்ந்துகொண்டு, கடலுக்கு அடியில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டது நினைவிருக்கும். "ஒரு ஆமை. எங்களைக் கண்டுக்கவே இல்லை" என்றார். அது கீழே நான் பார்த்து அவரிடம் சொன்னது. நான் அவரைப் பார்த்தேன். அவர் டீயைக் குடித்துக்கொண்டிருந்தார்.

பதின்மூன்றாம் நாள் அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது, தங்கை மகள் காபி கொண்டுவந்து வைத்துவிட்டுத் தயங்கி நின்றாள். "பெரியம்மா நிஜமாவே கடலுக்குள்ள இறங்கினாளா? ஆத்துல யாரும் நம்பலை."

"இறங்கினோம்மா" என்றேன். "ரெண்டு பேரும்தான்."

நான் பார்த்த அடிக்கடலை அவர் தன்னோடு கொண்டுபோய்விட்டார். அவர் கேட்ட மூச்சு என்னிடம் இருக்கிறது. என் காதில் விழாத ஒன்றுதான். ஆனாலும் கண்ணை மூடினால் கேட்கிறது.