அந்தப் பள்ளிப் பிள்ளைகளும் என் வயிற்றெரிச்சலும்

ஊரார் பிள்ளைக்குச் சிரித்த முகமாய்ப் பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து சொந்தப் பிள்ளையிடம் கத்துவதுதான் டியூஷன் டீச்சர் வேலை. எண்பதுகளில் எங்கள் வீடு ஆவடி குவார்ட்டர்ஸ்; கணவருக்கு ஃபாக்டரி வேலை. நான் டியூஷன் எடுத்ததெல்லாம் நசரத்பேட்டை தாண்டியிருந்த ஒரு தனியார் பள்ளியின் பிள்ளைகளுக்கு. அங்கே இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. அந்த மாதிரிப் பள்ளி வாசலில் பிள்ளையோடு நின்று திரும்பியவரா நீங்கள்? அப்படியானால் நாம் ஒரே கட்சி.

ஆப்பிள்

என் மகன் ஜெரோமை எல்.கே.ஜி. சேர்க்க அங்கேதான் கூட்டிப் போனோம். எங்களுக்கு முன்னால் ஒரு சிறுமி. "குட் மார்னிங் மேடம், மை நேம் இஸ் அபர்ணா" என்று மணி அடித்த மாதிரி சொன்னாள். எனக்கு அப்போதே வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது.

அடுத்தது ஜெரோம். ஆப்பிள் படத்தைக் காட்டி இங்கிலீஷில் கேட்டார்கள். "ஆப்பிள். காய்ச்சல் வந்தா எங்கப்பா வாங்கியாருவாரு" என்றான். எவ்வளவு விவரம் என்று நான் பூரித்துப் போனேன். தலைமையாசிரியை புன்னகையோடு சொன்னார்: "நல்லாத்தான் பேசறான். ஆனா தமிழ்ல பேசறானே!"

நாலு மார்க்

சில வருடம் கழித்து, கள்ளிக்குப்பத்தில் புதிதாய் ஒரு வீட்டுக்குக் கணக்கு சொல்லிக் கொடுக்கப் போனால், அங்கே அதே அபர்ணா! ஒரு நாள் மேஜையில் தலை கவிழ்ந்து அழுதுகொண்டிருந்தாள். பரீட்சையில் தொண்ணூற்றாறு. அன்றைக்குத்தான் எங்கள் ஜெரோம் ஐம்பத்தெட்டு வாங்கிவிட்டு, பேப்பரைத் தெருவெல்லாம் காட்டிக்கொண்டு வந்திருந்தான். தொண்ணூற்றாறுக்கு அழவும் ஒரு கொடுப்பினை வேண்டாமா?

"விடும்மா, நாலு மார்க்தானே" என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "மிஸ், அந்த நாலு மார்க்குக்குத்தானே உங்கள வெச்சிருக்கோம்?"

ஏரித் தண்ணீர்

நல்ல மழை. அயனம்பாக்கம் ஏரித் தண்ணீர் ரோட்டுக்கே வந்துவிட்டது. நான் வந்த டவுன் பஸ் நின்றது. எங்களுக்கு முன்னால் அந்தப் பள்ளியின் பஸ், படி வரை தண்ணீரில். எங்கள் பஸ்ஸில் பெரியவர்களே சாமியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

குழந்தைகள் அலறுவார்களே என்று எட்டிப் பார்த்தேன். இரண்டு கட்சியாய்ப் பிரிந்து, எந்த நாட்டுக்கு எது தலைநகரம் என்று போட்டி நடக்கிறது! யாராவது வந்து கூட்டிப்போவார்கள் என்பதில் ஒரு பிள்ளைக்கும் சந்தேகமில்லை. அவர்களுடைய இங்கிலீஷைவிட அந்தத் தைரியத்தின் மேல்தான் எனக்குப் பொறாமை. அந்த பஸ் டிரைவர் தண்ணீரில் இறங்கி நின்று தலையில் அடித்துக்கொண்டார்: "வண்டி முழுகிகினு கீது, இதுங்க இன்னாடான்னா கேள்வி பதில் ஆடிகினு கீதுங்க!"

பிரசங்கம்

ஆறாம் வகுப்பில் அந்தப் பள்ளியில் சில இடங்கள் காலியாயின. "விடு ரோஸி, படிக்கிற ஸ்கூலுக்கு என்ன குறைச்சல்?" என்றார் கணவர். நான் விடவில்லை. டியூஷன் முடிந்து வந்து தினமும் ஜெரோமோடு உட்கார்ந்தேன். அவனும் பிடிவாதமாய்ப் படித்தான். இடம் கிடைத்துவிட்டது! குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

கொஞ்ச நாளில் அவனுக்கும் அந்தத் தைரியம் தொற்றிக்கொண்டது. ஞாயிறு பூசை முடிந்ததும் நேரே சாமியாரிடம் போய், "ஃபாதர், பிரசங்கத்த இன்னும் சுருக்கமா சொல்லலாமே?" என்றான். நான் ஓடிப்போய் அவன் கையைப் பிடித்து இழுத்தேன். ஃபாதர் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "இவனை எந்த ஸ்கூல்லம்மா போட்ட?"

முதல் ரேங்க்

அரையாண்டுத் தேர்வில் கணக்கில் ஜெரோம் முதல். அபர்ணா இரண்டாவது. அன்று மாலை கள்ளிக்குப்பம் வீட்டில் எனக்குக் காபி வரவில்லை. அபர்ணா மட்டும், "ஜெரோம் சூப்பர் மிஸ்!" என்று கை கொடுத்தாள். அவள் அம்மா கதவில் சாய்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மறு மாதம் டியூஷனே வேண்டாம் என்றுவிட்டார். அப்படிச் சொன்ன அன்று அவர் கேட்டது இதுதான்: "உங்க பையனுக்கு மட்டும் வேற மாதிரி சொல்லித் தர்றீங்களோ?"

ஒரு நல்ல டியூஷன் கையை விட்டுப் போனது உண்மைதான் என்றாலும், என்னைப் பார்த்தும் ஒருவர் வயிறு எரிந்தாரே என்ற சந்தோஷத்தில் அன்று கள்ளிக்குப்பத்திலிருந்து ஆவடி வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தும் கால் வலிக்கவேயில்லை.