விக்கிரவாண்டி வரைக்கும் இங்கிலீஷ்

நாற்பத்தாறு வயதில் எனக்கு ‘வாஸ்’ எது, ‘வில்’ எது என்று சொல்லிக்கொடுத்தது காலை பாசஞ்சர் ரயில். விழுப்புரத்தில் ஏறித் திண்டிவனத்தில் இறங்குவேன். அங்கே ஒரு விதைக் கம்பெனியின் குடோனில் ஸ்டாக் கீப்பர் வேலை. பதினோரு வருஷமாக மூட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு இங்கிலீஷ் தேவைப்படவில்லை. மூட்டைகளும் கேட்டதில்லை.

அந்த வருஷம் இரண்டு விஷயங்கள் சேர்ந்தாற்போல் வந்தன. அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு உடைந்து படுக்கையாகிவிட்டார். பகல் முழுக்க என் மனைவி ஒருத்தியே அவரைத் தூக்கி, புரட்டி, துடைத்து, கடைசியில் தன் முதுகைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்காருவாள். அந்தச் சமயத்தில்தான் விழுப்புரத்திலேயே கம்பெனி புது குடோன் திறக்கப்போவதாகச் செய்தி வந்தது. எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் பத்து நிமிஷம். நான் இன்சார்ஜ் ஆகிவிட்டால் மதியம் வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு ஒரு கை கொடுக்கலாம். ஆனால் இன்சார்ஜ் தினமும் ஐதராபாத் ஆபீசோடு போனில் இங்கிலீஷில் பேச வேண்டும். இரண்டு மாதத்தில் அங்கிருந்து மேனேஜர் நேரில் வந்து என்னைப் பேசவைத்துப் பார்ப்பார்.

மறுநாள் ரயிலில் என் முகத்தைப் பார்த்துவிட்டு, வீட்டில் துக்கம் போலிருக்கிறது என்று இரண்டு பேர் எழுந்து எனக்கு இடம் கொடுத்தார்கள். நானும் மறுக்காமல் உட்கார்ந்துகொண்டேன்.

எங்கள் சீசன் டிக்கெட் கூட்டத்தில் எனக்கு எதிர்சீட்டில் இரண்டு பேர் உண்டு. ஒருவர் திண்டிவனம் கோர்ட்டுக்குப் போகும் வக்கீல் குமாஸ்தா. இன்னொருவர் அங்கேயே ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். என்னைவிட பதினைந்து வயது சின்னவர். என்னை அண்ணே என்பார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, ஊசி போடும்போது சொல்கிற அதே குரலில் சொன்னார்:

“டென்ஸ்தானண்ணே, ஒண்ணுமில்ல. தாண்டிப் போன ஸ்டேஷன் பாஸ்ட். நின்னுக்கினு இருக்கற ஸ்டேஷன் பிரசன்ட். வரப்போற ஸ்டேஷன் ஃபியூச்சர். ஜன்னலப் பாத்துக்கினே பேசுங்க, தானா வரும்.”

குமாஸ்தா உடனே சட்டம் போட்டார். பத்திரம் எழுதிப் பழகிய மனிதர் அல்லவா? விக்கிரவாண்டி முதல் திண்டிவனம் வரை, போகும்போதும் வரும்போதும், மேற்படி மூவரும் தமிழ் பேசலாகாது. மீறுபவர் மறுநாள் எல்லோருக்கும் வேகவைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, கொண்டுவர வேண்டும். அந்த ‘மேற்படி’யை இங்கிலீஷிலும் அவர் விடமாட்டார். டீ வந்தால் ‘தி செட் டீ இஸ் ஹாட்’ என்பார். ஒருமுறை தன் மனைவியையும் அப்படியே சொன்னார்.

முதல் வாரம் முழுக்க விக்கிரவாண்டி வந்ததும் நான் ஊமையாகிவிடுவேன். தாகமெடுத்தால் கட்டைவிரலைக் காட்டுவேன். தினமும் கூடையோடு வரும் கொய்யாப்பழக்கார அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நர்ஸிடம் கேட்டார்: “இவுருக்கு இன்னாமா ஆச்சி? போன வாரம் நல்லாத்தான பேசிக்கினு இருந்தாரு.”

பிறகு மெல்ல மெல்ல வந்தது. வி கிராஸ்டு விக்கிரவாண்டி. வி ஆர் இன் பேரணி ஸ்டேஷன். வி வில் ரீச் மயிலம். சாப்பிட்ட இட்லியை விக்கிரவாண்டியிலும், சாப்பிடப்போகும் சோற்றை மயிலத்திலும் வைத்துப் பழகினேன். இதில் ஒரு சிக்கல், சாயந்திரம் ரயில் திரும்பும்போது எல்லாம் தலைகீழாகிவிடும். காலையில் எதிர்காலமாக இருந்த மயிலம் இறந்தகாலமாகிவிடும். இதை நினைத்து ஒருநாள் இரவு தூக்கத்தில் உளறியிருக்கிறேன். “யாரு அது மயிலம்?” என்று மனைவி காலையில் கேட்டாள்.

நான் கொண்டுபோன மல்லாட்டைக்குக் கணக்கில்லை. ஆனால் சாயந்திர வண்டி விக்கிரவாண்டியைத் தாண்டிய அடுத்த நொடி இருக்கிறதே, அதற்கு ஈடு கிடையாது. கட்டிவைத்திருந்த தமிழெல்லாம் மூட்டை பிரிந்த மாதிரி கொட்டும். மாமியார், மாமனார், மேலதிகாரி, ரத்தக்கொதிப்பு எல்லாவற்றையும் அடுத்த ஸ்டேஷனான முண்டியம்பாக்கத்துக்குள் பேசித் தீர்த்துவிடுவோம்.

மேனேஜர் வந்தார். நான் இஸ்திரி போட்ட சட்டையும், பாக்கெட்டில் பதினைந்து வாக்கியங்களுமாகக் குடோன் வாசலில் நின்றேன். அவர் உள்ளே ஒரு சுற்று சுற்றிவிட்டு, காரில் ஏறுங்கள், விழுப்புரம் இடத்தைப் பார்த்துவிடலாம், பேசிக்கொண்டே போவோம் என்று இங்கிலீஷில் சொன்னார். காரில் ஸ்டேஷன் கிடையாது என்பது கதவை மூடிய பிறகுதான் எனக்கு உறைத்தது. ஏசி காற்றிலும் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பாக்கெட்டில் இருந்த வாக்கியங்களும் நனைந்திருக்கும்.

ஆனால் பாருங்கள், வாய் பேசியது. எத்தனை வருஷமாக வேலை, மழைக்காலத்தில் என்ன செய்தேன், லாரி வராத நாளில் எப்படிச் சமாளித்தேன், எல்லாம் சொன்னேன். கூட்டேரிப்பட்டு தாண்டும்போது, பேசுவது நான்தானா என்று எனக்கே சந்தேகம் வந்தது.

விக்கிரவாண்டி டோல்கேட்டில் கார் நின்று கிளம்பியது. விதை மூட்டையில் ஈரம் ஏறினால் என்ன செய்வீர்கள் என்று மேனேஜர் கேட்டார். எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி.

“அது வந்து சார், ஈரம் பட்ட மூட்டைய ஒடனே பிரிச்சிடணும். அப்பறம் அடியில கட்டை போட்டு, செவுத்துலருந்து ஒரு மொழம் தள்ளி அடுக்கணும். இத எவனும் செய்யறதில்ல சார், அதான் பேஜாரே…”

ஆனந்தமாகப் பேசிக்கொண்டே போனேன். மேனேஜர் தலையாட்டினார். போனை எடுத்துப் பார்த்தார், வைத்தார், மறுபடியும் தலையாட்டினார். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: “அண்ணே, அவருக்குத் தமிழ் தெரியாதுண்ணே.”

இரண்டு மாதமாக விக்கிரவாண்டி தாண்டியதும் தமிழுக்கு மாறிப் பழகிய நாக்கு, ரயிலா காரா என்று பார்க்காமல் மாறிவிட்டது. சுவரோரம் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மனைவிதான் கண்ணில் வந்தாள். இறக்கிவிடச் சொல்லி ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன். நாற்கரச் சாலையில் எங்கே ஓடுவது?

“சாரி, சார்,” என்றேன். “ஆஃப்டர் விக்கிரவாண்டி, ஒன்லி தமிழ். ரூல்.”

யாருடைய ரூல் என்று கேட்டார். சொன்னேன். ரயிலைச் சொன்னேன். நர்ஸை, குமாஸ்தாவை, மல்லாட்டையை, கொய்யாப்பழக்கார அம்மாவைச் சொன்னேன். எதற்காக இத்தனை பாடு என்று அவர் கேட்க, அம்மாவின் இடுப்பையும் மனைவியின் முதுகையும் சொன்னேன். எது பாஸ்ட், எது ஃபியூச்சர் என்று ஜன்னலைப் பார்க்கவே இல்லை. தப்பு நிறைய இருந்திருக்கும். விழுப்புரம் வந்ததே தெரியவில்லை.

கார் நின்றதும், முகத்தில் சிரிப்பே இல்லாமல் கேட்டார்: இந்தக் குடோன் விக்கிரவாண்டிக்கு இந்தப் பக்கம் இருக்கிறதே, என்ன செய்யப்போகிறீர்கள்?

“ஐ வில் சேஞ்ச் தி ரூல், சார்.”

பத்து நாளில் ஆர்டர் வந்தது. கடைசி நாள் சாயந்திர வண்டியில், விக்கிரவாண்டி வந்தது, போனது. நாங்கள் மூவரும் தமிழுக்கு வரவில்லை. இங்கிலீஷில் எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் இட்லி, டீ, ஸ்டேஷன்தான். அவற்றையே விழுப்புரம் ஜங்ஷன் வரைக்கும் பேசினோம். தமிழில் ஆரம்பித்தால் யாராவது அழுதிருப்போம், அநேகமாக நான்.

நல்ல கூட்டம் அது. இப்போது சைக்கிளில் தனியாகப் போகிறேன், தனியாக வருகிறேன். மதியம் ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்து நானும் மனைவியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அம்மாவைப் புரட்டிப் படுக்கவைக்கிறோம். முதல் நாள் அம்மா என்னைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டு மருமகளிடம் கேட்டார்:

“இன்னாடி இவன் பட்டப்பகல்ல வூட்ல நிக்கறான்? வேலையவுட்டு அனுப்பிட்டாங்களா?”