பூட்டு வைத்த தட்டு

ராஜபாளையத்தில் எங்கள் புது வீட்டுக்கு அலமாரி செய்ய வந்த ஆசாரி தேக்குப் பலகையை இழைக்க ஆரம்பித்ததும், அந்த வாசனை என்னைச் செண்பகத்தோப்புக்குக் கொண்டுபோய்விட்டது. எண்பதுகளில் அப்பா அங்கே வனக்காவலர். குடியிருந்தது மரவீடு. சுவரும் மரம், தரையும் மரம். மழை பெய்தால் வீடே ஈரத் தேக்காக மணக்கும்.

அம்புட்டு மரமிருந்தும் துணி வைக்க இடமில்லை. ஒருநாள் அப்பா மிச்சப் பலகைகளைச் சுவரில் அறைந்து, கதவில்லாத மூன்று தட்டுகள் செய்தார். அம்மா பங்கு பிரித்தாள். மேலே அப்பாவின் காக்கி, நடுவில் எனக்கும் தம்பிக்கும், கீழே போர்வைகள்.

“உன் சேலைய எங்க வைப்ப?” என்றார் அப்பா.

“எனக்கு டிரங்குப் பெட்டி போதும். அதுக்குத்தான் பூட்டு இருக்கு.”

“பூட்டி வைக்க அப்படி என்னத்த வச்சிருக்க?”

“அதைச் சொல்லிட்டா பொறவு பூட்டு எதுக்கு?”

அப்பா சிரித்துவிட்டுப் போனார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. அம்மா குளிக்கப் போன நேரம் பார்த்துச் சாவியை எடுத்துத் திறந்தேன். நாலு சேலை, ஒரு வசம்புத் துண்டு. பாதிப் பெட்டி காலி.

ஈரத்தலையோடு அம்மா பின்னால் நின்றாள். அடிக்கவில்லை.

“பாத்தாச்சா? மூடு” என்று சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

ஆசாரி இழைப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார். “இந்த ஓரத் தட்டுக்கு மட்டும் பூட்டு கேக்கீயளேக்கா, என்ன வைக்கப் போறீய?”

“ஒண்ணுமில்ல. பூட்டை மட்டும் நல்லதாப் போடுங்க.”