எண்ணூர் ஃபைவின் இரண்டாம் குரல்

11-2-1985 தேதியிட்ட இன்லாண்ட் கடிதம் ஒன்று சித்தூரிலிருந்து வேலூருக்கு, என் விலாசத்துக்கு வந்தது. எழுதியவர் ஜெமிமா என்ற இளம் ஆசிரியை. "எண்ணூர் ஃபைவ் சிறந்த பாடல்கள் கேசட்டில் ஏ பக்கம் நாலாவது பாட்டு. அதில் இரண்டாம் குரல் என் தகப்பனாருடையது என்று அம்மா சொல்கிறார்கள். இல்லை என்று சித்தப்பா சொல்கிறார். பழைய ரெக்கார்டுகளுக்குத் தேதி கண்டுபிடித்து நீங்கள் மாத இதழில் எழுதுவதைப் படித்திருக்கிறேன். ஈஸ்டர் கழிந்து எனக்குக் கல்யாணம். அதற்குள் தெரிய வேண்டும்."

எண்ணூர் ஃபைவைத் தெரியாதவர்களுக்கு: அறுபதுகளில் சென்னையில் ஆங்கிலப் பாட்டுப் பாடிய ஐந்து இளைஞர்கள். கிதார், டிரம், கோட்டு, கழுத்தில் குறுகலான டை. ஓட்டல்களிலும் ரயில்வே மன்றங்களிலும் பாடினார்கள். நான் அறிந்தவரை அவர்கள் போட்டது ஆறே ஆறு சிறிய இசைத்தட்டுகள். குழு கலைந்த பிறகு வந்த 'சிறந்த பாடல்கள்' தொகுப்புகளோ இரண்டு: 1974இல் ஒரு பெரிய தட்டு, 1982இல் ஒரு கேசட். பாடியதெல்லாம் பன்னிரண்டு பாட்டு, தொகுப்பிலும் பன்னிரண்டு பாட்டு. அப்படியானால் சிறந்தது எது, மீதி எது? இந்த மாதிரித் தொகுப்புகள் மேல் எனக்கு எப்போதுமே சந்தேகம் உண்டு. பாட்டு பிறந்த வருஷத்தை அழித்துவிட்டு, எல்லாம் நேற்றுப் பாடியதுபோல் வரிசையாக நிறுத்திவைப்பார்கள். அட்டைப் படத்தில் ஐந்து பேர் இருப்பார்கள். உள்ளே பாடுவது அதே ஐந்து பேர்தான் என்று அட்டை எங்கும் சொல்லாது.

23-2-1985, சனிக்கிழமை.

காலை ஒன்பதரைக்கு வேலூர் பஸ் நிலையத்தில் சித்தூர் பஸ் ஏறினேன். நாற்பது கிலோமீட்டருக்கும் குறைவுதான். கண்டக்டர் சில்லறை பாக்கியை டிக்கெட்டின் பின்னால் எழுதிக் கொடுத்தார். இறங்கும்போது நானாகக் கேட்ட பிறகே கொடுத்தார் என்பதையும் பதிந்துவைக்கிறேன். எல்லை தாண்டியதும் கடைப்பலகைகள் தெலுங்குக்கு மாறின. பஸ்ஸுக்குள் பேச்சு மாறவில்லை. இரு பக்கமும் மாந்தோப்புகள் பூத்திருந்தன. அந்த வாசனையோடு டீசல் புகையும் சேர்ந்துகொள்ள, பின் சீட்டில் ஒரு பெண்மணி வாந்தி எடுத்தார்.

ஜெமிமாவின் வீடு மிஷன் தெருவின் கோடியில். அம்மா லில்லி அம்மாள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். டூட்டி முடிந்து வெள்ளைப் புடவையோடே உட்கார்ந்திருந்தார். சித்தப்பா எபினேசர் மாம்பழக்கூழ் கம்பெனி ஒன்றில் மெக்கானிக், ஐம்பதை நெருங்குபவர், சபையின் பாடகர் குழுவில் இருப்பவர். ஜெமிமாவின் தகப்பனார், எண்ணூர் ஃபைவில் ஒருவரான தேவசகாயம், இவருக்கு அண்ணன். 1967இல் காய்ச்சலில் இறந்தபோது ஜெமிமாவுக்கு இரண்டு வயது. சுவரில் கல்யாணப் படம் இருந்தது. குரல் மட்டும் எங்கும் இல்லை. வீட்டில் அந்த நாளில் கிராமபோன் கிடையாது.

டேப் ரிக்கார்டரில் நாலாவது பாட்டை வைத்தார்கள். கலங்கரை விளக்கத்தைப் பற்றிய பாட்டு. நாலு நாலு வரியாக மூன்று சரணங்கள்.

"பின்னாடி மெல்லிசா ஒண்ணு கேக்குது பாருங்க சார். அது நைனா" என்றார் ஜெமிமா.

"அது எவனோ" என்றார் எபினேசர்.

"சித்தப்பா!"

"இன்னா சித்தப்பா? இவன் சுத்தமா பாடிக்கினு போறான். எங்கண்ணன் இவ்ளோ சுத்தமா பாடி நான் பாத்ததே இல்ல."

"நீ பெரிய வித்வான்" என்றார் லில்லி அம்மாள். "அந்தக் குரலோட நாலு வருஷம் குடித்தனம் பண்ணவ நான். அவருதான்."

"நாலு வருஷத்துல பாதி நாள் மெட்ராசுல இருந்தாரு அண்ணி. மீதிப் பாதி உங்களோட சண்டை. பாட்டு எப்பக் கேட்டீங்க?"

"சண்டையிலயும் அதே குரல்தான் எபி."

சிரித்துவிட்டார்கள். ஜெமிமா மட்டும் சிரிக்கவில்லை. விடுதியில் தங்கிப் படித்த இரண்டு வருஷமும் இந்த கேசட்டைத்தான் கேட்டதாகச் சொன்னார். "மூணாவது பாட்டு முடிஞ்சு ஒரு 'உஸ்' வரும் சார். அப்பவே எனக்கு நெஞ்சு அடிச்சிக்கும், இப்ப நைனா வருவாருன்னு. அந்த வரிசையே எனக்கு மனப்பாடம். கல்யாணத்தன்னிக்கு விருந்துல இதைப் போடணும்னு ஆசை. ஆனா வேற யாரோ ஒருத்தர் குரலுக்கு முன்னாடி போய் நின்னு நைனான்னு நினைச்சிக்க மாட்டேன்."

நான் அட்டையைப் பார்த்தேன். பதிவான வருஷம் இல்லை. பாடியவர் பெயர்கள் இல்லை. டிரம் ஓசை கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் முழங்கியது. அறுபதுகளில் சென்னையில் அப்படிப் பதிந்து நான் கேட்டதில்லை. பழைய ஒலிநாடா வேறு கம்பெனியிடம் சிக்கிக்கொண்டால், மிச்சமிருக்கும் ஒன்றிரண்டு பேரோடு புதுப் பாடகர்களைச் சேர்த்து அதே பாட்டை மறுபடி பாடவைத்துத் தொகுப்பு போடுவது உண்டு. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று சந்தேகித்தேன். ஆனால் சந்தேகத்தை ஒரு பெண்ணின் கல்யாணத்துக்குப் பரிசாகக் கொடுக்க முடியாது. அந்தப் பாட்டின் மூலத் தட்டைக் கேட்காமல் எதுவும் சொல்லமாட்டேன் என்றேன். திருப்பதியில் ரெக்கார்டிங் கடை வைத்திருக்கும் நாயுடு ஒருவர் ரேணிகுண்டா ரயில்வே மன்றத்தின் பழைய தட்டுகளை மொத்தமாக வாங்கியவர் என்று கேள்விப்பட்டிருந்தேன். மறுநாள் ஆராதனை முடிந்ததும் போவதென்று முடிவாயிற்று.

"ரெக்கார்டு பண்ணும்போது நீங்கள் பக்கத்தில் இருந்தீர்களா?" என்று எபினேசரைக் கேட்டேன்.

"கூடப் போனேன். பெட்டி தூக்க ஆள் வேணுமே" என்றார்.

24-2-1985, ஞாயிற்றுக்கிழமை.

காலை எட்டரைக்குத் தமிழ் ஆராதனை. எனக்கு அந்தச் சபை புதிது, ஆனால் பாமாலைப் பாட்டுகளின் மெட்டு பழக்கம். பின் வரிசையில் நின்று எல்லோரோடும் சேர்ந்து பாடினேன். மூன்றாம் வரி முடிந்து நாலாம் வரியை எடுத்தேன். கோயில் முழுவதும் என் குரல் ஒன்றுதான் கேட்டது. மற்றவர்கள் எல்லோரும் வாயை மூடி நின்றிருந்தார்கள். ஒரு மூச்சு நேரம் கழித்து, நான் வெட்கப்பட்டு நிறுத்திய இடத்தில், சபை நாலாம் வரியை எடுத்தது. முன் வரிசைப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

வெளியே வந்ததும் எபினேசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"வெளியூர்க்காரங்க எல்லாரும் அங்கதான் சார் மாட்டுவாங்க. போன மாசம் வந்த பாதிரி ஐயரு பிரசங்கத்தையே மறந்துட்டாரு."

"அச்சிட்ட பாமாலையில் அப்படி நிறுத்தம் இல்லையே?"

"புஸ்தகத்துல இல்ல. பொட்டியில இருந்துச்சு. முன்ன இருந்த கால் மிதி ஆர்மோனியத்துல துருத்தி கிழிஞ்சிருக்கும். மூணு வரிக்குத்தான் காத்து தாங்கும். வாசிக்கறவரு தம் தம்முனு ரெண்டு மிதி மிதிச்சு ரொப்புவாரு, அதுவரைக்கும் நாங்க நிப்போம். அந்தப் பொட்டி போயி கரண்டு ஆர்கன் வந்து பன்னெண்டு வருஷம் ஆவுது. நாங்க இன்னும் நின்னுக்கினுதான் இருக்கோம்."

"வேறு பாட்டுப் பாடும்போதும் இப்படி நிற்பீர்களா?"

"குழந்தைக்குத் தாலாட்டு பாடினாலும் நிப்போம் சார். சித்தூர்க் கிறிஸ்தவனுக்கு நாலாவது வரின்னா கொஞ்சம் பயம்."

பத்தே முக்காலுக்கு ஜெமிமா, எபினேசர், நான் மூவரும் திருப்பதி பஸ் ஏறினோம். லில்லி அம்மாளுக்கு டூட்டி. எழுபது கிலோமீட்டர், எக்ஸ்பிரஸ் என்று எழுதிய பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்கு மேல். காணிப்பாக்கம் போகிறவர்கள் வழியில் இறங்க, அந்த இடத்தில் மொட்டைத் தலைகள் ஏறின. சந்திரகிரி தாண்டியதும் மலை தெரிந்தது. பஸ்ஸில் பாதிப் பேர் கை கூப்பினார்கள். ஜெமிமா மடியிலிருந்த கேசட்டை இறுக்கிப் பிடித்தபடியே வந்தார்.

திருப்பதி பஸ் நிலையத்துக்கு அருகே இருந்தது நாயுடுவின் கடை. ஞாயிற்றுக்கிழமையும் கூட்டம். கண்ணாடிக்குப் பின்னால் அறுபது, தொண்ணூறு நிமிட வெற்று கேசட்டுகள். வாடிக்கையாளர் பாட்டுப் பெயர் எழுதிக் கொடுத்தால் அதே வரிசையில் பதிந்து கொடுப்பார்.

"ரண்டி, ரண்டி, கூர்ச்சோண்டி" என்று தெலுங்கில் வரவேற்று உட்காரச் சொன்னார் நாயுடு. நான் கேட்டதும் முகம் மலர்ந்தது. "எண்ணூர் ஃபைவா? ஹிட்ஸ் போட்டுத் தரட்டுமா?"

"ஹிட்ஸ் வேண்டாம். அதன் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை" என்றேன்.

"ஏன் சார், ஹிட்ஸ் உங்களுக்கு இன்னா பாவம் பண்ணுச்சு? மலைக்குப் போறவன் முழு லட்டு துன்றானா, முந்திரி பாத்துப் பொறுக்கித் துன்றானா? அதுதான் ஹிட்ஸு."

"முந்திரி பழையதா புதியதா என்று தெரிய வேண்டாமா?"

"அதைத் துன்றவன் கேக்க மாட்டான். நீங்க மட்டும்தான் கேக்கறீங்க."

உள்ளே போய், தூசி தட்டி, ஒரு சிறிய தட்டைக் கொண்டுவந்தார். லேபிளில் ரயில்வே மன்றத்தின் ஊதா முத்திரை. பக்கவாட்டில் 1966 என்று மையால் எழுதியிருந்தது. மன்றம் வாங்கிய வருஷமாக இருக்கலாம். ஒரு கீறல் குறுக்கே ஓடியது. முள் இறங்கியதும் எண்ணெய்ச் சட்டிபோல் பொரிந்தது. பிறகு பாட்டு.

அதே பாட்டுதான், ஆனால் வேறு பாட்டு. டிரம் பெட்டியைத் தட்டுவதுபோல் சின்னதாக ஒலித்தது. முதல் குரல் அவசரத்தில் இருந்தது. மூன்றாம் வரி முடிந்தது. முதல் குரல் நிற்காமல் நாலாம் வரிக்குள் போயிற்று. இரண்டாம் குரல் வரவில்லை. ஒரு மூச்சு நேரம். பிறகு, தாமதமாக, ஓடிப்போய் பஸ்ஸில் தொற்றிக்கொள்பவர்போல வந்து சேர்ந்துகொண்டது. இரண்டாம் சரணத்திலும் அப்படியே. மூன்றாம் சரணத்திலும் அப்படியே.

ஜெமிமா வாயைப் பொத்திக்கொண்டார். நான் எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை. கேசட்டிலுள்ள குரல் நிற்காத குரல்; அதைப் பாடியவர் சித்தூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட இருந்தவர் அல்ல.

"சித்தப்பா, இது நைனாதானே?"

எபினேசர் ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணன்தான் பாப்பா" என்றார். "வேற யாரு இப்படி நிப்பான்?"

மறுபடி போடச் சொன்னார் ஜெமிமா. இந்த முறை நான் தட்டைப் பார்க்கவில்லை, எபினேசரைப் பார்த்தேன். அவர் உதடு அசைந்தது. முதல் குரலோடு அல்ல, இரண்டாம் குரலோடு. அது எங்கே ஏறும், எங்கே விட்டுப்போகும் என்பதெல்லாம் அந்த உதடுகளுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. நேற்று கேசட்டுக்கு அவர் உதடு அசைந்ததாக எனக்கு நினைவில்லை.

"அறுபது நிமிஷ கேசட்டுமா. இந்தப் பாட்டு ரெண்டே முக்கால் நிமிஷம். மீதிக்கு இன்னா போடட்டும்?" என்றார் நாயுடு.

"இதையே போடுங்க."

"ரெண்டாவது பாட்டு?"

"இதேதான்."

"ரெண்டு பக்கமும்?"

"ரெண்டு பக்கமும்."

நாயுடு என்னைப் பார்த்தார். "சார், இதையும் ஹிட்ஸுன்னு எழுதலாமா, உங்களுக்கு ஆட்சேபணை இல்லையே?"

எனக்கு ஆட்சேபணை இருக்கவில்லை. ஒரு குழுவின் எல்லாப் பாட்டிலிருந்தும் ஒருவர் தனக்கு வேண்டியதை எடுத்து, மீதியை விட்டுவிடுகிறார். அந்தத் தேர்வை வேறு யாரோ நமக்காகச் செய்து, அட்டை ஒட்டி விற்பதைத்தான் நான் சந்தேகித்துவந்தேன்.

பதிவு முடிய ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். எனக்கு ரேணிகுண்டாவில் ரயில் பிடிக்க வேண்டியிருந்தது. ஜெமிமா கடையிலேயே காத்திருக்க, எபினேசர் என்னை ரேணிகுண்டா பஸ் வரை கொண்டுவிட வந்தார். கூட்டத்தில் நடந்தபடியே கேட்டேன்.

"அன்றைக்கு உங்கள் அண்ணனுக்குத் தொண்டை சரியாக இருந்ததா?"

"இன்னா சார், போலீஸ் மாதிரி?"

"தேதி எழுதுகிறவன் இப்படித்தான் கேட்பேன்."

எதிரே வந்த சைக்கிளுக்கு ஒதுங்கி வழி விட்டார். "ஒரே மைக்கு சார். அதைச் சுத்தி ஆறு பேரு நின்னோம்."

"குழுவில் ஐந்து பேர்தானே?"

"பெட்டி தூக்கினவன் எங்க நிப்பான்? வெளிய மழை."

"மூன்றாம் வரியில் நிறுத்தியது யார்?"

"சித்தூர்க்காரன்" என்றார். பஸ் வந்துவிட்டது. என் பையை வாங்கி ஜன்னல் வழியாக ஒரு சீட்டில் போட்டு இடம் பிடித்துத் தந்தார். "பாப்பா தனியா இருக்கும். வரேன் சார்."

திரும்பிப் பார்க்காமல் போனார். ரேணிகுண்டா பத்து கிலோமீட்டர். பட்டறைகளின் தகரக் கூரை தெரியும்வரை அவர் சொன்ன ஆறு பேரைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். காட்பாடிக்கு ரயில் தாமதமாகத்தான் வந்தது. வேலூரில் எங்கள் தெருச் சபையில் யாராவது இப்படி ஒரு நிறுத்தத்தைக் கட்டிக்காத்து வருகிறார்களா என்று வீடு திரும்பியபின் கவனித்துப் பார்த்தேன். எனக்குத் தென்படவில்லை. சொந்த ஊர்க்காரன் காதுக்கு அது தென்படாது என்பதும் சாத்தியம்.

ஏப்ரல் கடைசியில் ஜெமிமாவிடமிருந்து கார்டு வந்தது. விருந்தில் பாட்டைப் போட்டார்களாம். மூன்றாம் வரியில் மொத்தக் கூட்டமும் நின்று, சேர்ந்து எடுத்ததாம். அம்மா கேட்டுவிட்டு, "இதுதான், இவருதான்" என்று அழுதாராம். லில்லி அம்மாள் முந்தைய கேசட்டையும் அவர்தான் என்று சொன்னவர்; ஆகவே இதை நான் சான்றாகக் கொள்ளவில்லை.

என் பட்டியலில் அந்தத் தட்டுக்கு எதிரே உள்ள குறிப்பு இது: இரண்டாம் குரல், சித்தூர் சபையைச் சேர்ந்தவர். தேவசகாயமா, எபினேசரா என்பது சரிபார்க்கப்படவில்லை. அன்று பதிவு அறையில் இருந்தவர்களில் எனக்குத் தெரிந்து இன்று உயிரோடிருப்பவர் ஒருவர்தான். அவருக்கு நான் இன்னும் எழுதிக் கேட்கவில்லை.